கடை சேர்ந்தது

வங்கிக் கடனுக்காகக்
காது வில்லை எண்ணைச் சரிபார்க்கத்தான் போனேன்.
புதுவயல் தாண்டிப் பொட்டலில் ஏலம்.
விடியுமுன்பே செம்மண் எழும்பி
பேண்ட் மடிப்பில் குடியேறிவிட்டது.

தரகர் அடைக்கலம் ஒரு பசுவின்
கீழுதட்டைப் பிதுக்கி "ஆறு பல்லு" என்றார்.
அடுத்ததற்கு, "கடை சேந்திருச்சு, பாதி வெல."
என் நாக்கு
வாய்க்குள் தானாக ஒரு சுற்றுப் போய் வந்தது.

ஒரு தரம். ரெண்டு தரம்.
மூணாவதுக்கு முன் அது சாணி போட்டது.
முடியும்வரை ஏலக்காரர் காத்திருந்தார்;
யாரும் சிரிக்கவில்லை.

விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துத்
தோளில் போட்டுக்கொண்டார்.
மாட்டை விற்கலாம், கயிற்றை விற்கக் கூடாதாம்.
பஸ் வரும்வரை அதைச்
சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார்.

நான் வில்லை எண்ணை
இரண்டாம் முறையும் தப்பாக எழுதினேன்.