தலைகீழ்த் தகரம்

முதல் மூன்று வாரம் மேனேஜர்தான் வந்தார்.
'பயனர் தரப்பு' அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து
எபேன் கட்டடத்தின் எட்டாம் மாடி ஏசியில்
எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார்.
எங்களுக்கும் அது பிடித்திருந்தது.
சுவரெங்கும் மஞ்சள் சீட்டுகள்,
'முடிந்தது' கட்டத்தில் இடமில்லை.
பஸ்ஸுக்கு இரண்டே நிலை: ஓடும், ஓடாது.

நான்காம் வாரம் அவர் வீட்டில் ஏதோ கல்யாணம்.
பதிலுக்கு வந்தவள்
வக்வா டிப்போவின் டைம்கீப்பர் தேவனி முத்துசாமி.
மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை.
ஃபர்சானா நாற்பது நிமிடம் திரையை ஓட்டிக் காட்டினாள்.
கேள்வி உண்டா என்றோம்.

'என் தலைகீழ்த் தகரம் எங்கே?'

ஜான்-லுக் சிரித்துவிட்டான்.
மறுவாரம் டோல்-பூரி வாங்கி வந்தான், அதற்காக.

விடியுமுன் நாலரைக்கு அவள் கூண்டில் போய் நின்றோம்.
பலகை. ஆணிகள். ஆணிக்கொரு தகரத் துண்டு,
துண்டுக்கொரு பஸ் எண்.
தலைகீழாய்த் தொங்கினால்:
ஓடும், ஆனால் ஷமரேல் மேட்டுக்கு அனுப்பாதே,
பிரேக் முனகுகிறது.
பத்தொன்பது வருடமாய் அந்த மூன்றாம் நிலை
ஆணியில் இருந்திருக்கிறது,
எங்கள் அறுபத்திரண்டு பக்க ஆவணத்தில் இல்லை.

பிறகு வியாழன்தோறும் வந்தாள்.
சீட்டு ஒட்டக் கற்றாள்.
'முடிந்தது' கட்டத்திலிருந்து உரித்து
பழைய இடத்தில் ஒட்டவும் கற்றாள்.
ஒரே வியாழனில் பதினொன்று.
அன்று நான் அவளை வெறுத்தேன், மறைப்பானேன்.
ஈரக் கைக்குத் திரை கேட்காது என்றாள்:
பொத்தான் பெரிதானது.
'நிராகரி' டிரைவரைத் திட்டுவதுபோல் இருக்கிறது என்றாள்:
'பிறகு பார்' ஆனது.

ஓட்டத்துக்கு விட்ட திங்கள்
பலகை இன்னும் சுவரில்.
ஒரு தகரம் பக்கவாட்டில் தொங்கியது.
நான்காம் நிலையா?
என் கை தானாகவே நோட்டைத் திறந்தது.

'மூடு' என்றாள்.
'அது பஸ் இல்லை, சிரில்.
பெண்சாதியை அடக்கம் செய்து மூன்று வாரம்.
கிட்டத்து ரூட் கொடுக்கிறேன்.
மெஷினிடம் சொல்லாதே,
மெஷின் மேனேஜரிடம் சொல்லிவிடும்.'

மூடினேன்.

சிரில் ஏழு நிமிடம் பிந்திக் கிளம்பினான்.
திரை சிவந்து காரணம் கேட்டது.
அவள் சொல்லிப் பெரிதாக்கிய பொத்தான்,
அதை நிதானமாய் அழுத்தினாள்:
மழை.

அன்று வக்வாவில்
அதிசயமாய் வெயில்.