பேச்சில்லாத ஐந்து நிமிடம்

மார்ச்சில் நாலாயிரம் லிட்டர் திரிந்துபோனது.
யாரும் தூங்கிவிடவில்லை, அதுதான் அவமானம்.
திரை முழுக்கப் பச்சை.
பச்சையைப் பார்த்தபடி நான்
கசந்த மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பண்ணைத் தொட்டிகளின் குளிரை வாங்கி
லாரி அலுவலகத்துக்கு ஒரு சொல்,
தொழிற்சாலைக்கு ஒரு சொல்,
கணக்கருக்கு ஒரு சொல் என்று
பிரித்துக் கொடுக்கிற மென்பொருள் எங்களுடையது.
பதினோரு வருடமாய் ஓடுகிறது,
பேர்கூட வைக்கவில்லை. இணைப்பான் என்போம்.
அன்று ஒரு தொட்டி வாயை மூடிக்கொண்டது.
இணைப்பானோ
கடைசியாய்க் காதில் விழுந்த நான்கு டிகிரியையே
எல்லோரிடமும் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.
பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்.

லாரி ஓட்டுகிற வாஷிங்டன்
(இங்கே உருகுவேயில் அது ஆள் பேர், ஊர்ப் பேரில்லை)
தொப்பியைக் கழற்றாமலே கேட்டான்:
"மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நெல்பா.
உன் திரைக்கு மூக்கு கிடையாதா?"

கிடையாது.
ஆகவே ஜூலையில்,
சான் ஹோசே வயல்கள் விடிகாலையில்
உப்புப் பூத்ததுபோல் உறைகிற வாரத்தில்,
மேகத்தில் மாத வாடகைக்கு
ஒரு கண்காணிப்பைப் பிடித்தோம்.
அறுபத்து நான்கு எழுத்தில் ஒரு சாவி கொடுத்தார்கள்.
அனுமதி இல்லை.
அனுமதி இல்லை.
மறுபடியும் இல்லை.
சாவியின் வாலில் கண்ணுக்குத் தெரியாத
ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. கிள்ளினேன்.
கதவு திறந்தது.

திறந்தும் என்ன,
வரைபடம் துடைத்த பலகை.
அனுப்பிவிட்டேன் என்கிறது இணைப்பான்.
பெற்றுக்கொண்டேன் என்கிறது மேகம்.
நடுவில் என் புள்ளி எங்கே?
ஒரு மணி நேரம் தேடி, எரிச்சலில்
திரையை இடப்பக்கம் தள்ளினால்
மூன்று மணி நேரத்துக்கு முன்னால்,
நான் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாத சாயங்காலத்தில்
அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது.
எங்கள் சுவர்க்கடிகாரத்தை
உலகத்தின் கடிகாரம் என்று நம்பிவிட்ட பேதை.

ஆறு டிகிரி தாண்டினால் கூவு.
அந்த விதியை யாரும் எழுதலாம்.
மார்ச் மாதத் தொட்டி
சுடுகிறது என்று சொல்லவேயில்லையே.
மௌனத்தைச் சம்மதமென்று
எடுத்துக்கொண்டது நாங்கள்தானே.
இணைப்பானுக்கு எழுதினேன்: கேட்காததைச் சொல்லாதே.
மேகத்துக்கு எழுதினேன்:
எந்தத் தொட்டியானாலும்
ஐந்து நிமிடம் பேசாவிட்டால் என்னை எழுப்பு.

எழுப்பியது.
மூன்றாம் இரவு, மூன்று நாற்பதுக்கு,
மேசைப் பலகைமேல் கைபேசி நண்டுபோல் நகர்ந்தது.
பத்தொன்பதாம் தொட்டி. பிதேகெயின் பண்ணை.
காலுறை தேடாமல் குளிர்ந்த தரையில் நின்று அழைத்தேன்.
ஒன்பது மணி அடித்த பிறகு,
"யாரது?"
"கூட்டுறவிலிருந்து. உங்கள் தொட்டி பேசவில்லை."
"தொட்டிக்கென்ன, சில்லென்று இருக்கிறது."
ஓல்காவுக்கு மூச்சு வாங்கியது.
"சூட்டு விளக்கைச் செருக இடமில்லை.
அந்தச் சின்னப் பெட்டியைப் பிடுங்கிவிட்டேன்.
கிடேரிக் கன்று, இப்போதுதான் விழுந்தது,
நடுங்குகிறது பார்."
பார்க்க முடியாது. கேட்டது:
துருப்பிடித்த கீல் போல ஒரு ம்மா.

"அது சரி, நான் விழித்திருப்பது
உனக்கெப்படித் தெரிந்தது?"

"விடிந்ததும் பெட்டியைச் செருகிவிடுங்கள்" என்றேன்.
வைத்துவிட்டாள். கை ஈரமாயிருந்திருக்கும்.

காரணம் எழுதாமல் எச்சரிக்கையை மூடவிடாது மேகம்.
காலிக் கட்டத்தில் கோடு கண் சிமிட்டியது.
'சாதனத் துண்டிப்பு' என்று தொடங்கினேன்,
அழித்தேன்,
எழுதினேன்:
கிடேரிக் கன்று. இன்னும் ஈரம் காயவில்லை.