கடல் இடக்கையில்

அக்கரையில் புகை தெரிந்தது.
யாரோ சமைக்கிறார்கள் என்றோம்.
அதை நம்பித்தான் மூங்கில் வெட்டினோம்,
பிரம்பால் பிணைத்தோம்,
கணுக்களுக்குள் குடிநீரை அடைத்தோம்.
ஐந்தாம் இரவு
தெப்பத்தின் பின்பாதி தனியாகப் போனது.
அதில் மூன்று பேர்.
கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள்,
கொஞ்ச நேரம்.

கரை தட்டியபோது
அடுப்பு இல்லை. சமைத்தவர் இல்லை.
மின்னல் தின்றுபோட்ட காடு.
கருகிய மரங்களுக்கு இடையில்
ஆளைவிட உயரமாய்க் கறையான் புற்றுகள்
கூட்டமாக நின்றன.
"வந்திருக்கிறோம்" என்று
லோய்கே அவற்றிடம்தான் சொன்னான்.
அவை பதில் சொல்லும்வரை
உட்காராமல் நின்றோம்.

புதுத் தீவில் இறங்கினால்
ஒருவர் சுற்றிவர வேண்டும்.
வழி கேட்க வேண்டாம், அடையாளம் வேண்டாம்.
கடலை இடக்கையில் பிடித்துக்கொண்டு
நடந்தால் போதும்.
நண்டுத்தீவை அரைநாளில் சுற்றிவந்தாள் என் அம்மா,
வயிற்றில் நான்.
வெள்ளைப்பாறைக்கு ஒன்பது நாள்.
நாங்கள் பிறந்த மலைத்தீவுக்கு
நிலா இரண்டு முறை தேய்ந்ததாம்.
தீவு என்றால் வேறென்ன?
முதுகு மறைந்த திசைக்கு எதிர்த்திசையில்
முகம் முளைக்கும் இடம்.

லோய்கே உதயத்தைப் பார்த்துப் போனான்.
நான் மேற்கே பார்த்து அடுப்பு வைத்தேன்.
இரவுக்கு ஒரு முடிச்சு.

கசக்கினால் மூக்கில் ஏறும் இலை.
பட்டையை உரித்து எறிந்துவிட்டு
வெள்ளையாய் நிற்கும் மரம்.
பாறை என்று சாய்ந்திருந்தேன்,
அது எழுந்து நடந்தது.
திரும்பி வந்து
மடியில் கிடந்த பித்தராவை முகர்ந்தது,
சூடான மூச்சு.
அதற்கு எங்களைத் தெரியவில்லை.
ஈட்டியையும் தெரியவில்லை.
அன்று எல்லோரும் வயிறாரத் தின்றோம்.
யாரும் பேசவில்லை.

கயிறு தீர்ந்தது. இன்னொன்று திரித்தேன்.
முதலை இழுத்திருக்கும் என்றார்கள்.
பாம்பு என்றார்கள்.
அவனுக்கு அங்கே ஒருத்தி கிடைத்திருப்பாள் என்று
ஒருவன் சிரித்தான்; பிறகுதான்
இங்கே வேறு யாருமே இல்லை என்பது
அவனுக்கு நினைவு வந்தது.
நிலம் முடியவில்லை என்று மட்டும்
ஒருவரும் சொல்லவில்லை.
முடியாத நிலத்துக்கு
எங்களிடம் சொல் இல்லை.

ஆற்று முகம் ஒவ்வொன்றும்
அவனை உள்ளே இழுத்திருக்கும்.
மூன்று நாள் உள்ளே, மூன்று நாள் வெளியே.
நாக்கில் உப்புப் படும்வரை
இது கடல்தானா என்று சந்தேகித்திருப்பான்.
ஏதோ ஒரு காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்.
சூரியன் தலைக்கு மேல் வராமல்
முதுகுப்புறம் சரிந்திருக்கும்.
அப்போதும் திரும்பியிருக்க மாட்டான்.
பாதி தாண்டியவனுக்கு
வந்த வழிதானே தூரம்.
எது பாதி என்று அவனுக்கு யார் சொல்வது?

பித்தராவுக்குக் கணுக்கால் தடித்தது,
குரல் தடித்தது.
அவளுக்கு மூங்கில் காடு தெரியாது.
புற்றுகளைப் பார்த்துச் சிரிப்பாள்.
ஒருநாள் ஈட்டியை எடுத்துக்கொண்டு சொன்னாள்:
"வருகிறவரை எதிர்கொண்டு அழைக்கலாமே."
மேற்கே போனாள்.
துணைக்கு ஒருவன்.
கடலை வலக்கையில் பிடித்துக்கொள்
என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.
இல்லை, சொல்லியிருக்க வேண்டும்.
ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்.

இப்போது
அடுப்புக்கு இரண்டு பக்கமும் வாய்.

அந்த மழைக்காலத்தில்,
குகை நிழலில் புகை போட்டுக் காத்துவைத்த
தெப்பத்தைப் பிரித்தோம்.
பெரியவர் இருவர் அழுதார்கள்.
பிள்ளைகளுக்கு விளையாட்டு.
மூங்கில்களைக் குறுக்கே போட்டுக்
கூரை வேய்ந்தோம்.
கட்டக் கொடி போதவில்லை.
என் கயிறுகளை எடுத்துவந்தேன்.

முடிச்சுகள் இருந்ததால்
நழுவவில்லை.