பதினான்காம் கட்டம்

கீலுங் துறைமுகத்தில் வெயில் அடித்தால்
ஆளுக்காள் சந்தேகமாக மேலே பார்ப்பார்கள்.
மழைக்குக் காயாத சாயத்தில்
மண்ணெண்ணெய் கூட்டுவது என் வேலை.
இன்னொன்று, கட்டம் போடுவது:
சுண்ணக்கட்டி தேய்த்த நூலை இழுத்து விட்டால்
கித்தானில் பட்டென்று ஒரு கோடு.
உள்ளங்கைப் புகைப்படத்துக்கு இருபத்துநான்கு கட்டம்,
நாலாள் உயர பேனருக்கும் அதே இருபத்துநான்கு.
கண்ணிருக்கும் ஆறும் ஏழும் கான் பெக்-சுவானுக்கு.
வாய் ஆ-தேக்குக்கு, என்னைவிட இரண்டு வருஷம் முந்தியவன்.
எனக்கு வானம், சுவர், காதை மறைத்த கூந்தல்.

அந்த வாரம் வந்த புகைப்படம்
மோவாயோடு கிழிந்திருந்தது.
விநியோகக்காரர் கீழ்ப்பாதியில்
யாருடைய தொலைபேசி எண்ணையோ எழுதிக்
கிழித்துக்கொண்டாராம்.
"பதினான்கில் எதையாவது வை," என்றார் கான்,
சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமல்.
"கழுத்து மாதிரி."

கழுத்து மாதிரி.
எனக்குத் தெரிந்தது ஒரே கழுத்து.
மீன்சந்தைக்கு ஐஸ்வண்டி தள்ளும் ஆ-பித்.
மேட்டில் ஏறும்போது
காறை எலும்புக்குப் பின்னால் ஒரு குழி விழும்;
அதில் மழை தங்கும்,
வண்டி சமதளம் வந்ததும் வழியும்.
இடப்பக்கம் ஒரு மச்சம்.
மச்சத்தை விட்டிருக்கலாம்.
வைத்தேன்.

திங்கட்கிழமை காவல்நிலைய ஷாவ் வந்தார்.
குடைக்கு வெளியே தலையை நீட்டி
நெடுநேரம் அண்ணாந்து நின்றார்.
கடமைக்கு அவ்வளவு நேரம் ஆகாது என்றான் ஆ-தேக்.
"நாலு விரற்கடை மூடு. மத்தியானத்துக்குள்."

மூங்கில் ஏணி. பன்றிக்கொழுப்பு டின்னில் நீலம்.
கீழே
மீன் உருண்டைக் கடைக்காரன், பள்ளிக்கூடம் தப்பிய பயல்கள்,
கப்பலிலிருந்து இறங்கிய இருவர்.
எந்தப் படத்துக்கும் சேராத கூட்டம்.
"மெல்ல மூடுப்பா, என்ன அவசரம்?"
சிரிப்பு.
ஒரு விரற்கடை. இரண்டு.
தூரிகையைத் துடைக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன்,
வண்டிக் கைப்பிடியில் இடுப்பைச் சாய்த்து
அவள்.
சிரிக்கவில்லை.
மூன்றாவதுக்கு ஏறினேன்.
அவள் கை மழைக்கோட்டின் மேல்பொத்தானைத் தேடிற்று.
நான்காவது.
பூட்டிக்கொண்டாள்.
மத்தியானப் படகுகளுக்கான ஐஸ்
தெருவில் சொட்டிக்கொண்டே இருந்தது.

படம் இரண்டாம் வாரமும் ஓடியது.
நான் பார்க்கவில்லை. கான் சொன்னார்,
அந்த நடிகைக்குக் கடைசிவரை
தாடையைத் தொடும் கம்பளிச் சட்டைதானாம்.

வியாழன் இரவு கித்தானை இறக்கி
காஸ்டிக் சோடாத் தொட்டியில் அமுக்கினோம்.
பிந்திய சாயம் முதலில் போகும்,
முந்தியது பிறகு. அது தொட்டியின் ஒழுங்கு.
நீலம் கரைந்தது.
ஒரு தும்மல் நேரத்துக்கு
குழி, மழை, மச்சம்.
ஆ-தேக் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் தேய்க்கும் பிரஷ்ஷை
என் பக்கம் நீட்டினான். என்ன நினைத்தானோ,
திரும்ப இழுத்துத் தானே தேய்த்தான்.

விரல்நுனி உரிந்து எரிந்தது.
அடுத்து சண்டைப்படம்.
பதினான்கில் குதிரையின் வயிறு.