முக்கால்

வெள்ளிக்கிழமை, அலுவலகம் பூட்டுகிற நேரம்,
கிராட்ஸ் நகரத்திலிருந்து ஒரு பெண்குரல்:
"அப்பாவின் பெயருக்குள்
முக்கால் போட்டிருக்கிறீர்கள்."

ஓலோமோட்ஸ் நகராட்சி, இடுகாட்டுப் பிரிவு, இரண்டாம் மாடி.
அங்கே கணினிக்காரி நான்.
என் திரையில் ஒழுங்காகத்தான் இருந்தது:
போர்ஷிவோய் க்ர்ஷீஷெக், திங்கள் பதினொரு மணி, சிறிய மண்டபம்.

த்ராஹொமீரா படம் எடுத்து அனுப்பினாள்.
ஆர் தலையில் குட்டிக் கொக்கி மாட்டிய எங்கள் எழுத்து,
வெளியூர் நாக்கு எதுவும் லேசில் வளையாத எழுத்து,
இரண்டாய் உடைந்து கிடந்தது:
தலையில் வளையம் சுமந்த ஏ,
ஒட்டினாற்போல் வணிக முத்திரை.
அடுத்த எழுத்தில் பாதி கண்ணுக்கே தெரியவில்லை.
அதற்கடுத்து, ஆமாம், முக்கால்.
நாற்பது வருடம் ரயிலுக்குக் கைகாட்டி இறக்கியவர்
சோப்புக்கட்டி மாதிரி முத்திரை வாங்கிக்கொண்டு
முழுசாகப் போய்ச் சேராமல் நின்றார்.

பைட்டுகளை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.
அனுப்பியது சரி.
எப்படிப் படிப்பதென்று சொல்லி அனுப்பவில்லை.
பைத்தான் நிரலில் பதில் புறப்படும் இடத்தில் ஒரே வரி:
உள்ளடக்க வகை, எச்டிஎம்எல் உரை.
அவ்வளவுதான். மொட்டைக் கடுதாசி.
பிரித்த உலாவி தன் ஊர் வழக்கப்படி
பைட்டுக்கு ஓர் எழுத்தாய் வாசித்தது.
அதைச் சொல்லி என்ன?

வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைத்தேன்.
பிறகு கேரக்டர்செட், சமக்குறி, யூடிஎஃப்-8.
முக்காலைத் தீர்க்க ஓர் அரை.
சர்வரை எழுப்பிவிட்டு அழைத்தேன்:
"மறுபடி திறந்து பாருங்கள்."
அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கிற சத்தம்.
"வந்துவிட்டார்" என்றாள்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த வ்ராதிஸ்லவ்
இதே புகார் வந்தபோதெல்லாம்
வரியைத் தொடாமல் பெயரைத் தொட்டிருக்கிறான்.
கொக்கியைக் கழற்றி, கோட்டை அழித்து,
எந்தத் திரையிலும் முனகாத மொழுக்கைப் பெயர்களாய்
முப்பத்தேழு பேர்.
பார்தோஸா, பார்தோஷா?
பைட்டைக் கேட்டால் அதற்கே தெரியாது.

திங்கள் காலை, மண்டபத்துக்கு ஆட்கள் வருமுன்,
நோட்டும் பென்சிலுமாய்க் கல்லறை வரிசைக்குள் நடக்கிறேன்.
உறைபனியைக் கையுறையால் தேய்த்துவிட்டு,
கையுறையைக் கழற்றி,
வெட்டிய எழுத்தின் தலையை விரலால் தடவுகிறேன்.
கொக்கி இருக்கிறது.
பார்தோஷ்.
இன்னும் முப்பத்தாறு.