மைனஸ் மூன்று

டோங்காட் சர்க்கரை ஆலைக்கு மேற்கே, மேட்டு வயலில்,
முள்கம்பி வேலிக்குள் என் அலுவலகம்:
ஒரு கம்பம், ஒரு பேட்டரி, எண்களை எழுதும் ஒரு பெட்டி.
கம்பத்தின் தலையில்
கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம்.

விடியுமுன் போய்த் துடைக்கிறேன்.
ஞாயிறன்றும்.
ஞாயிற்றுக்கு ஏது ஞாயிறு விடுமுறை?
ஊருக்கெல்லாம் படியளக்கிறவனை
நான் படி வைத்து அளக்கிறேன்.
பயணப்படியும் உண்டு.

கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம்.
அதற்கும் அடியில், ஐந்து ராண்ட் காசளவு கறுப்பு வட்டு.
சும்மாக் கறுப்பில்லை,
வாங்கிய வெளிச்சத்தைத் திருப்பித் தராத கறுப்பு,
என் சித்தப்பா கடன் வாங்குவது மாதிரி.
வெயிலில் வட்டு சுடும்.
அதைத் தாங்கும் உலோக உடம்பு, வெள்ளைக் குடையின் கீழ்,
சுடாமல் இருக்கும்.
இரண்டுக்கும் நடுவே இருவகைக் கம்பிகள்
மாற்றி மாற்றி முடிச்சிட்டுக் கிடக்கின்றன.
சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள பேதம்
அவற்றில் மின்சாரமாய் நகர்கிறது,
எறும்புக்கும் உறைக்காத அளவில்.
உச்சி வெயிலுக்கே ஒன்பது மில்லிவோல்ட்.
பெட்டி பெருக்கி எழுதுகிறது:
சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட்.
அந்த எண்ணை வைத்துத்தான்
கரும்பு இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தது,
நாளை எந்த வயலுக்குக் குழாய் திறப்பது என்று கணக்கு.

இதை குபேந்திரனுக்கு விளக்க நான் பட்ட பாடு!
அவன் கரும்பு கொளுத்தும் குழுவில் இருக்கிறான்.
ஜூலை மாத இருட்டில்
ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றின் பக்கம் பார்த்து
தீ வைப்பார்கள்.
சோகை எரிந்தால்தான் வெட்டுகிறவர்களுக்குக் கத்தி ஓடும்.
“முகம் பொரியும், பிடரி விறைக்கும்” என்றான்.
“நடுவில்?”
யோசித்தான்.
“நடுவில், முதுகுத்தண்டில், என்னவோ ஓடும்.”
அதேதான், என்றேன். அந்தக் கம்பி அதுதான்.

போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.
எழுந்தபோது டர்பனிலிருந்து கேள்வி:
வெயில் நூற்றுக்கு ஆறு குறைகிறதே,
மூட்டமா, கருவிக் கோளாறா?
போய்ப் பார்த்தேன்.
கிண்ணத்தின் கிழக்குச் சரிவில்
பனியில் ஒட்டி, வெயிலில் உலர்ந்து,
ஒரு கரிச்சோகை. சுண்டுவிரல் நீளம்.
சூரியனிடம் குறையில்லை ஐயா,
என் வீட்டுக்காரர்தான் மறைத்திருக்கிறார்
என்றா எழுதுவது?
‘கரி’ என்று மட்டும் எழுதினேன்.

ஸேன்ஸோ போனில் சொன்னான்:
முன்நாளையும் பின்நாளையும் பார்த்து
நடுவில் ஒரு கோடு இழுத்துவிடு, யாருக்குத் தெரியும்.
இழுக்கவில்லை.
பக்கத்தில் ஒரு குறி போட்டு அப்படியே விட்டேன்.
அந்த மூன்று நாளும் எனக்கும் வெயில்
அவ்வளவாகத்தான் இருந்தது.

இன்னொன்று. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
மேகமற்ற இரவில் பெட்டி பூஜ்யம் எழுதுவதில்லை.
மைனஸ் மூன்று என்று எழுதும்.
சில இரவு மைனஸ் நான்கு.
கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட,
வட்டு தன்னுடையதைக் கண்ணாடிக்கு விடுகிறது.
பகலெல்லாம் வாங்கி வைத்த கறுப்பு
ஆளில்லாத நேரத்தில் கொஞ்சம் திருப்பித் தருகிறது.
(சித்தப்பாவைப் பற்றி நான் அவசரப்பட்டிருக்கலாம்.)
டர்பன் கணிப்பொறி அதைப் பிழை என்று
பூஜ்யமாக்கிவிடும்.
என் நோட்டில் மூன்று மூன்றாகவே இருக்கிறது,
முன்னால் கோடு போட்டு.

மூன்றரைக்கு லாரி ஹாரன் அடிக்கும்.
குபேந்திரன் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு போவான்,
நான் தூங்குவதாக நினைத்து.
அவன் படுத்த இடத்தில் கை வைப்பேன்.
சுடும். பிறகு அவ்வளவு சுடாது.
அதை நான் எதிலும் எழுதுவதில்லை.

ஆறு மணிக்கு மேட்டில் ஏறும்போது
கீழ்வயலில் புகை.
மென்துணி, தண்ணீர்ப் புட்டி.
இன்று காற்று என் பக்கம்.