அழுத்தம் ஐந்தாவதில்

தோஹா ஆபீசிலிருந்து வந்த தாளில்
தடித்த எழுத்தில் ஒரே ஒரு நீளச்சொல்:
டீமோபிலைசேஷன்.
கீழே நாற்பத்தொரு பெயர்.
காலை நாலரைக்கு, அல் கோர் முகாம் வாசலில்,
பஸ் கிளம்புமுன் நான் வாசிக்க வேண்டும்.
டைம்கீப்பர் வேறெதற்கு.

பாதுகாப்பு அதிகாரி ரோடெல், பிலிப்பினோ,
பேனா முனையால் சொல்லை நறுக்கித் தந்தார்:
டீ. மோ. பி. லை. சே. ஷன்.
ஆறு துண்டு. ஐந்தாவதில் அழுத்து, என்றார்.
மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும்,
ஸ்பீடு பிரேக்கர் வரும்வரை சாலை மாதிரி.

ராத்திரி கட்டிலில் படுத்து
என் கணக்கில் பிரித்தேன்.
டீ நேர். மோ நேர்.
பிலை நிரை: குறிலும் நெடிலும்
எங்கள் அறையின் மேல்கட்டில் கீழ்கட்டிலாய்
ஒரே சட்டத்தில்.
சே நேர். ஷன் நேர்.
ஐந்துதான் வருகிறது.
ஓர் ஆள் குறைகிறதே என்று
திரும்பவும் எண்ணினேன், தொழில் புத்தி.
நாலசைக்கு மேல் எந்தச் சீரும் தாங்காது.
வெண்பாவுக்கு ஆகாது இது.
விமானத்துக்கு ஆகும்.

பொருளையும் கழற்றிப் பார்த்தேன், செல்போன் அகராதியில்.
முன்னொட்டு: நீக்கு.
நடுவில் வேர்: அசைவது.
வால்: அப்படி ஆக்குதல்.
கூட்டினால், அசையாமல் ஆக்குதல்.
ஆனால் வியாழனன்று இந்த நாற்பத்தொரு பேரும்
ஏர்போர்ட் வரிசையில்
கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி
அசைவார்கள்.
தமிழில் அசை என்றால் சொல்லின் துண்டு.
அசை என்றால் நகரு, என்றும்.
மாடுதான் படுத்தபடி அதைப் போடும்.
அன்று நானும்.

நாலரை. மஞ்சள் விளக்கடியில் வரிசை.
சீனி நைனா, ஸ்கஃபோல்டிங்.
செலஸ்டின், வெல்டர்.
டில் பகதூர், பெயிண்ட்; ஒரு காதில் இயர்போன்.
மைக்கை ஊதிப் பார்த்தேன்.
டீ, என்றேன்.
பிளாஸ்க் வைத்திருந்தவர் நிமிர்ந்தார்.
மோ. பி. லை.
ரோடெல் சொன்னபடி மூச்சைச் சேர்த்து
ஐந்தாவதில் ஊன்றப் போகையில்
வரிசையின் வாலில் யாரோ, எனக்கு முன்பே,
அளந்து வைத்த அழுத்தத்தில்:
"சே!"

ஷன் என் வாயிலேயே தங்கிவிட்டது.
பெயர்களைத் தொடங்கினேன்.
ஏழாவதில் செலஸ்டின் கை தூக்கினான்.
இதுல எந்தத் துண்டு, அண்ணே,
மூணு மாச ஓவர்டைம்?